மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர்

(திருநெல்வேலியில் வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில், இளைப்பாறிய வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாதிரிமார் இந்நாட்டிற் செய்த தொண்டு பற்றி நான் பேசவேண்டும் என வாசிகசாலையார் கேட்டபோது சிறிது தயங்கினேன். நம்மூரில் இப்பொருளைப் பேசப் புகுவோர் இரு சாரார். பாதிரிமார் வந்திராவிடில் நாம் எழுத்தறியாதோராய்க் கிடந்திருப்போம் என்பார் ஒரு சாரார். மதம் மாற்ற வந்தவர்களின் பெயரைச் சொல்வதே பிழை என்பார் மற்றொரு சாரார். பாதிரிமார் கப்பலேறுமுன்னரே இங்கு ஏடும் எழுத்தாணியும் திண்ணைப் பள்ளியும் இருந்தன என்பதை முன்னையோர் மறந்தனர். ஆறுமுகநாவலர் எந்தப் பாடசாலையிற் படித்தார், எங்கே ஆசிரியராய் இருந்தார் என்பதைப் பின்னையோர் மறந்தனர். நான் சைவன், திருநீறு அணிந்தே இம்மேடையில் நிற்கின்றேன். ஆயினும் கடன்பட்டவன் கடனை மறைத்தல் சைவத்துக்கும் அடாது. கடன்கொடுத்தவன் எதற்காகக் கொடுத்தான் என்று கேளாதிருத்தல் புத்திக்கும் அடாது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு பேச முயல்வேன்.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816ஆம் ஆண்டு. பூவர், மெய்க்ஸ், றிச்சட்ஸ், வாறன் என்போர் அவர்களுள் முதல்வர்கள். இந்தியாவில் ஆங்கிலக் கும்பினியார் அமெரிக்கப் பாதிரிமாரை விரும்பி வரவேற்ற காலம் அன்று. தேசாதிபதி பிரௌன்றிக் அவர்களை இலங்கையில் இருக்கவிட்டு, வடக்கே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் குடியேறினர். 1820ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஓர் அச்சுக்காரர் வந்து சேர்ந்தார். அவரை இந்நாட்டில் இருக்கவிட அரசாங்கம் மறுத்துவிட்டது! பாதிரிமாருக்கு அஞ்சாத அரசாங்கம் அச்சுக்காரர் ஒருவருக்கு அஞ்சியது. அச்சுயந்திரம் நல்லூரிலிருந்த ஆங்கிலத் திருச்சபை மிஷனாரிடம் போய், 1834இல்தான் மானிப்பாய்க்கு வந்து அமெரிக்கர் கைக்குக் கிடைத்தது. பத்திரிகை நடத்துவோரும் படிப்போரும் நிறைந்த சபை இது. இந்தச் சிறு செய்தியை உங்களிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த அச்சுக்கூடத்தின் வழியே உதயதாரகை 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவந்தது. 1842இல் மானிப்பாய் அகராதி அச்சாகியது. அதில் தொகுக்கப்பட்ட சொற்கள் ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்டவை. 1862இல் வின்சிலோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதி சென்னையில் வெளிவந்தது. இவற்றுக்காக ஏடு புரட்டிச் சொல் திரட்டியவர்கள் நமது வித்துவான்கள். முகப்பில் அச்சான பெயர் பெரும்பாலும் அவர்களுடையதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவிற் பெண் பாடசாலை 1824இலும் தொடங்கின. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஊரார் தயங்கிய காலத்தில், படித்து முடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தும் மிஷனார் பிள்ளைகளைச் சேர்த்தனர். சீதனத்தின் வலிமையை அறிந்த வெள்ளைக்காரர் என்று நாம் சிரிக்கலாம். அப்பெண்களின் பேர்த்திகள் ஆசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் வந்ததைக் கண்டபின் சிரிப்பு அடங்கிவிடும். செமினரியிற் சேர்ந்த பையன்களுக்கோ அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. அங்கே எவர் பணம் அனுப்பினாரோ அவர் பெயரை இங்கே பையன் தாங்கவேண்டும். கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்கள் அப்படி வந்தவையே. சாதி விடயத்திலும் மிஷனார் தொடக்கத்தில் ஊரோடு ஒத்தோடினர் என்பதே உண்மை. அவர்கள் பள்ளிகளாற் பெரும்பயன் அடைந்தோர் வேளாண் குடியினர். ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் சமமாக வாங்கில் அமர இருபதாம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. இதிற் பழியை மிஷனார் தலையில் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் நழுவ முடியாது.

செமினரி 1855இல் மூடப்பட்டது. மூடியவர் யார்? நாவலருமல்லர், அரசாங்கமுமன்று. அமெரிக்காவிலிருந்த தலைமைச் சங்கத்தின் செயலாளர் அன்டர்சன் என்பவர் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த மாணவன் சுவிசேஷம் சொல்லப் போகவில்லை, கச்சேரிக்கு உத்தியோகத்துக்குப் போகின்றான் என்று கண்டார். மதம் பரப்பத் தாய்மொழியே போதும், ஆங்கிலக் கல்லூரி எதற்கு என்றார். கதவு சாத்தப்பட்டது. 1872இல் அது யாழ்ப்பாணக் கல்லூரியாக மீண்டும் திறக்கப்பட்டது வேறு கதை. செமினரி மூடி இரண்டாண்டு கழித்து, 1857இல், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் அங்கு கற்றவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராக நின்று பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனி நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகின்றேன்.

1822ஆம் ஆண்டு இருவர் பிறந்தனர். டிசெம்பர் மாதம் நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுகநாவலர். அதற்கு இரண்டு மாதம் முன்னே, ஒக்ரோபரில், அமெரிக்காவில் வூஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்கு உதவியவர். அவர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியது 1847ஆம் ஆண்டின் கடைசி நாள். மறு ஆண்டில் பேர்சிவலிடமிருந்து விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிறீன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1848இல் மானிப்பாயில் வைத்தியத்தைத் தொடங்கினார். ஒருவர் மிஷனை விட்டு வெளியேறிய ஆண்டிலேயே மற்றவர் மிஷன் வைத்தியராய் அமர்ந்தார். இருவருக்குமிடையே கிடந்த தூரம் சில மைல்களே.

கிறீன் எதற்காக வந்தார் என்பதில் மயக்கம் வேண்டாம். நம்மைக் கிறித்தவராக்கவே வந்தார். மருந்து பெறவருவோர் முதலில் வேதவசனம் கேட்கவேண்டும். அது அங்கே ஒழுங்கு. நமது பரியாரிமாரையும் அவர் பெரிதாக மதித்தாரென்று சொல்வதற்கில்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்று வைத்திய நூல்களைத் தமிழ்ச் செய்யுளிற் செய்துவைத்த நாடு இது. தமிழில் மருத்துவம் எழுதலாம் என்பதை வெள்ளைக்காரர் வந்து நமக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மானிப்பாய்க்கு வந்தோரும் விவரமறிந்தவர்களே. வேதவசனத்தைப் பொறுமையாகக் கேட்டார்கள், மருந்தை வாங்கினார்கள், திருநீற்றோடு வந்து பெரும்பாலோர் திருநீற்றோடே வீடு திரும்பினார்கள்.

ஆயினும் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. முதலில் அவரும் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். 1857இல் தாய்நாடு சென்று 1862இல் மீண்டார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். காரணம் எளியது. ஆங்கிலத்திற் கற்றவன் அரசாங்கச் சம்பளத்தை நாடி வேற்றூர் போய்விடுகின்றான். கிராமத்தில் நோயாளி கிடக்கின்றான். தமிழிற் கற்றவன் தன் ஊரிலே நிற்பான், தன் சனத்தோடு பேசுவான் என அவர் கருதினார். உடையாலும் நடையாலும் தம் மாணவர் ஊரவராகவே இருத்தல் வேண்டுமென்றும் விரும்பினார்.

கற்பிக்க நூல் வேண்டுமே! சப்மன், டன்வொர்த், சுவாமிநாதன் முதலிய மாணவர்களைத் துணைக்கொண்டு நூல்களை ஆக்கினார். பிரசவ வைத்தியம் 1857இலேயே வெளிவந்திருந்தது. இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வந்தன. மனுஷ சுகரணம், வைத்தியாகரம், இந்து பதார்த்தசாரம் என்பனவும் உள. எல்லாமாக 4000 பக்கங்களுக்கு மேல் என்பர். உடல்நலம் குன்றி 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும், இங்கிருந்த மாணவர்களோடு தபால் மூலம் தொடர்பு வைத்து அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தினார். அக்காலத்துத் தபால் எத்தனை மாதம் கடலிற் கிடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1884இல் வூஸ்ரரிற் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்க வேண்டினார், அப்படியே பொறித்தார்கள்.

சொல்லாக்கத்தில் அவர் கொண்ட முறை இது: வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் நாடினார், அது கிடையாதவிடத்து வடசொல்லை எடுத்தார், அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைத்தார். கெமிஸ்தம் என்னும் பெயரைக் கேட்டாலே உங்களுக்குச் சிரிப்பு வரும்; ஆங்கிலத்துக்குத் தமிழ் வால் ஒட்டியதுபோல் இருக்கின்றது. இருக்கட்டும். இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் ஒட்சிசன், ஐதரசன், நைதரசன் என்று கூசாமற் சொல்லுகின்றார்களே, அதற்கு முன்னே நடந்தவர் அவரே.

அவர் உருவாக்கிய வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர்கள். 1866, 1867 ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தை அழித்தபோது ஊரூராய்ச் சென்று நின்றவர்கள் அவர்களுள் இருந்தனர். அவர் போனபின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இற் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. உத்தியோகம் அங்கேதான் இருந்தது.

நான் இங்கே ஒரு சொந்தச் செய்தி சொல்லவேண்டும். எங்கள் ஐயா இதே திருநெல்வேலியில் செம்மண்ணைக் கொத்தி, துலா மிதித்து, புகையிலையும் மரக்கறியும் வைத்து என்னைப் படிப்பித்தவர். பள்ளியில் விஞ்ஞானம் முழுவதும் தமிழிலேயே கற்றேன். சர்வகலாசாலையில் ஐந்தாண்டு ஆங்கிலம். விடுமுறைக்கு வந்தபோது ஐயாவுக்கு நீரிழிவு கண்டிருந்தது. "தம்பி, நீரிழிவு எண்டால் உள்ளுக்கை என்ன நடக்குது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வந்தவையெல்லாம் ஆங்கிலச் சொற்கள். சதையி என்னும் சொல்லைப் பதினேழு வயதிற் படித்துச் சோதனையில் எழுதியவன் நான். இருபத்திரண்டு வயதில் அது நினைவில் இல்லை. ஐயா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ படிச்சது இஞ்சை இருக்கிற ஆக்களுக்கு இல்லைப் போலை கிடக்கு" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை; தண்ணீர் மாற்ற எழுந்து போய்விட்டார். இருபத்தைந்து ஆண்டு வைத்தியம் செய்த பின்னரே கிறீனின் நூல்களைப்பற்றி அறிந்தேன். நூறாண்டுக்கு முன்னே ஓர் அந்நியர் செய்ததை ஒரு கமக்காரன் மகனாகிய நான் செய்யவில்லையே என்ற வெட்கம் அன்றுதான் வந்தது.

இப்பொழுது நம் ஊரைப் பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இற் பரமேசுவரக் கல்லூரியை இங்கே நிறுவினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தார் ஊரூராய்ச் சைவப் பாடசாலைகளை அமைத்தனர். மிஷன் வழியிலேயே சென்று மிஷனுக்கு விடை சொன்னவர்கள் இவர்கள். 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் இரு பகுதியாரின் பாடசாலைகளும் பெரும்பாலும் அரசாங்கத்திடம் போயின. பரமேசுவரக் கல்லூரி இருந்த வளவில் 1974இற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. 1978இல் மருத்துவ பீடமும் வந்தது. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையைத் தமிழில் எழுதி அந்தப் பீடத்தினுள் நுழைகின்றனர், நுழைந்தபின் ஆங்கிலம். மானிப்பாய்க்கும் இவ்விடத்துக்கும் நாலைந்து மைல். 1864இல் அங்கே நடந்த காரியம் இங்கே இன்றும் நடக்கவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்கிறீரோ என்று இங்கிருக்கும் வைத்திய நண்பர்கள் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. புதிய ஆராய்ச்சிகள் ஆங்கிலத்திலே வருகின்றன. அவற்றைப் படியாதவன் கையில் என் உடம்பைக் கொடுக்க நானே சம்மதியேன். கிறீனின் மாணவர்களுள் நூல்களை மொழிபெயர்த்தோர் இரு மொழியும் அறிந்தவர்கள். எட்டு வகுப்புப் புத்தகங்களையும் ஒரேநாளில் தமிழாக்குவீர் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது சிறிய காரியம். அதைக் கேட்க நமக்கு உரிமையும் உண்டு.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது நாம் எழுந்தோம். 1961இற் கச்சேரி வாசல்களிலே சத்தியாக்கிரகம் இருந்தோம். எங்களுக்குப் புரியாத மொழியிற் கடிதம் அனுப்பாதே என்று அரசாங்கத்தைக் கேட்டோம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. நன்று. தமிழ் நாட்டிலே, தமிழ் வைத்தியர், தமிழ் நோயாளிக்கு எந்த மொழியில் எழுதிக் கொடுக்கின்றார்? இதைத் தடுப்பது கொழும்பு அன்று. இதற்குச் சத்தியாக்கிரகம் எந்த வாசலில் இருப்பது?

எனக்குத் தெரிந்த வயோதிபத் தாய் ஒருவர் ஒரு வைத்தியசாலையில் நீரிழிவுக்கு மருந்து எடுத்துவந்தார். பின்னர் வேறோரிடத்திலும் காட்டினார். அங்கும் அதே மருந்தை வேறு வியாபாரப் பெயரிற் கொடுத்தனர். இரண்டு துண்டும் ஆங்கிலத்தில். இரண்டும் வெவ்வேறு மருந்தென எண்ணி இரண்டையும் விழுங்கினார். மூன்றாம் நாள் இரத்தத்திற் சீனி குறைந்து நினைவிழந்து கிடந்தார். பேரனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும்; வைத்தியரின் கையெழுத்தை வாசிக்கத்தான் தெரியவில்லை. அத்தாய் பிழைத்துக்கொண்டார். "இது சீனி வருத்தத்துக்கான குளிசை, இதைப்போன்ற வேறொன்றைச் சேர்த்து எடுக்கவேண்டாம்" என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மூன்று நாள் அவருக்கு வந்திராது.

கமக்காரர்களுக்கும் ஒன்று சொல்வேன். நம் குடாநாட்டின் நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல். நாம் மேலே இடும் யூரியாவும் எருவும் மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகின்றன. அதனால் நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆராய்ச்சியாளர் பன்முறை கண்டிருக்கின்றனர். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கைக்குழந்தைக்கு அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலிமை குன்றிக் குழந்தை நீலம் பாரிக்கலாம். "நாங்கள் கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதை விளங்கிக்கொள்ள உங்களில் எவருக்காவது ஆங்கிலம் வேண்டியிருந்ததா? இதைச் சொல்லும் ஆராய்ச்சிக் கட்டுரைகளிற் பெரும்பாலன ஆங்கிலத்தில் இருக்கின்றன. கிணறு உங்கள் வளவில் இருக்கின்றது.

கிறீன் அஞ்சிய மற்றொன்றும் நடந்திருக்கின்றது. ஆங்கிலத்திற் கற்றவன் சம்பளத்தை நாடிப் போவான் என்றார். 2022இற் பொருளாதாரம் வீழ்ந்தபின் நாட்டைவிட்டு எத்தனை வைத்தியர்கள் போனார்கள்! போனவர்களை நான் பழிக்கவில்லை. என் பிள்ளைகளும் வெளிநாட்டிலேதான் இருக்கின்றார்கள். அதனாலேயே இங்கு நின்று பேச எனக்கு வாய் கொஞ்சம் தடுமாறுகின்றது.

ஆகவே வாசிகசாலையாரிடம் இரண்டு வேண்டுகோள். மருத்துவ பீட மாணவர் சிலர், மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே வந்து உங்கள் மருந்துத் துண்டுகளைப் பார்த்து, எது என்ன மருந்து, எப்போது எடுப்பது, எதனோடு சேர்க்கக்கூடாது என்று தமிழில் எழுதித்தரச் சம்மதித்திருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு மேசையும் தேநீரும் கொடுங்கள். பிழையாகத் தமிழ் எழுதினாற் சிரியாதீர்கள். அவர்களும் என்னைப்போல் மறந்தவர்கள்.

இரண்டாவது, பழைய புத்தகங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அந்த நெருப்பைக் கண்டு அன்றிரவே உயிர்விட்டவர் தாவீது அடிகள் என்னும் கத்தோலிக்கக் குரு. பன்மொழி கற்ற தமிழறிஞர். அதன்பின் போரும் இடப்பெயர்வும் வீட்டுப் பெட்டிகளில் இருந்தவற்றையும் தின்றன. ஆயினும் சுதுமலையிலோ மானிப்பாயிலோ இணுவிலிலோ, பரம்பரைப் பரியாரியார் வீட்டுப் பரணில், மானிப்பாயில் அச்சான வைத்திய நூல் ஒன்று கறையானுக்குத் தப்பிக் கிடக்கலாம். கண்டால் பழங்கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இங்கே கொண்டுவாருங்கள். கறையான் தின்றதாயினும் பரவாயில்லை.

நேரம் போய்விட்டது. கிணற்று நீரைப்பற்றிக் கேள்வி கேட்க முன்வரிசையில் இருவர் நெடுநேரமாய்க் கை உயர்த்திக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் கேட்கட்டும்.